லேத்துக்கு நாங்கள் செய்த மீட்டர்

மலருக்கு நைனா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வெகுநேரம் பேசினாய். உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு என் காதருகே பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கியது பாதிதான். மீதியை, நீ போனை வைத்த பிறகு அவள் எதிரே உட்கார்ந்து சொன்னாள். பட்டறையை யாருக்காவது கொடுத்துவிட்டு ரெண்டு பேரும் ஓசூருக்கே வந்துவிடுங்கள், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்கிறார் என்று. மகள் வீட்டில் போய் இருப்பதா என்று யோசிக்கிற ஆள் நான் இல்லை. நீ கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ கடைசியாக இங்கே வந்தபோது பார்த்த நிலைமையை மனதில் வைத்துப் பேசுகிறாய். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. போனில் சொல்லலாம் என்றால், நான் பேசுவேன், நீ திருப்பிக் கேட்பது எனக்குப் பிடிபடாது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வேலை முடிந்து வந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு, நிதானமாகப் படி.

விபத்து நடந்தது உனக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அன்று காலையில் பெரிய கிரைண்டருக்குப் புதுச் சாணைக்கல் மாட்டினேன். கல்லை மாட்டுவதற்கு முன்னால் அதன் நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். நான் தட்டினேன். கணீரென்று கேட்டது. மாட்டினேன். மத்தியானத்துக்கு முன்னால், பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற சேகர் ஒரு கட்டிங் டூலைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கல் வெடித்தது. ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று கல்லுக்கு மேலிருந்த தகர மூடியைக் கிழித்துக்கொண்டு வந்து சேகரின் காறை எலும்பில் பட்டது. நான் முதலில் சுவிட்சை அணைத்தேன், அப்புறம்தான் அவனிடம் ஓடினேன். அந்த வரிசை சரிதான் என்றாலும் இன்னும் மனதை உறுத்துகிறது. ஆட்டோவில் என் மேல் சாய்ந்துகொண்டு, "கை கீதா பாரு மாமு" என்றான். "கீதுடா, கீது" என்றேன்.

நீ வந்தாய், அவனைப் பார்த்தாய், அவன் மனைவி கோமதியோடு இருந்தாய், ஓசூருக்குத் திரும்பினாய். நீ போன மறுநாள் உன் அம்மா பட்டறைக்கு வந்தாள். சாப்பாடு கொடுக்க வருகிறவள், அன்றைக்கு வெறுங்கையோடு வந்தாள். அலமாரியிலிருந்து இன்னொரு புதுக் கல்லை எடுத்தாள். "அப்டித் திரும்பி நில்லு" என்றாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் உரக்கக் கேட்டாள்.

"இப்போ தட்றேன். கேக்குதா சொல்லு."

"கேக்குது."

"எப்டி கேக்குது?"

"நல்லாத்தான் கேக்குது. கணீர்னு கீது."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். கல்லும் மரப்பிடியும் மேஜைமேல் இருந்தன. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் தட்டவே இல்லய்யா" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை மலர். எனக்கு நிஜமாகவே கேட்டது. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்ட பழக்கத்தில், அது வராமலேயே வந்த மாதிரி இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட எனக்குக் காது மந்தம் என்று தோன்றியதில்லை. லாரி ஹாரன் கேட்டது, ரயில் கேட்டது, சேகர் கத்தினால் கேட்டது. மெஷின் சத்தம் குறைந்திருந்தது உண்மைதான். நல்ல ஆயில் போட்டதில் ஓட்டம் சீராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா வயசானதால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று அவளிடமே குறை சொல்லியிருக்கிறேன்.

காது டாக்டரம்மா என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். மெஷின் இரைச்சலிலேயே இருந்தவர்களுக்கு முதலில் மெல்லிய, உச்சமான சத்தங்கள் போகும், கனத்த சத்தங்கள் கடைசி வரை கேட்கும், அதனால்தான் ஆளுக்குத் தெரிவதில்லை என்றார். காதுக்குக் கருவி கொடுத்தார்கள். வீட்டில் அது பரவாயில்லை. பட்டறையில் போட்டால் தண்டையார்பேட்டை முழுவதையும் காதுக்குள் கொட்டிய மாதிரி இருந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் லேத் ஓட்டுவதே காதால்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நம் பெரிய லேத்துக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் ஒன்று வாங்கி மாட்டியிருந்தோம் இல்லையா, அதன் திரை வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. குமிழைத் திருகினால் வேகம் ஏறும், இறங்கும். எவ்வளவு என்று காட்டாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. பித்தளைக்கு ஒரு சத்தம், இரும்புக்கு ஒரு சத்தம், எவர்சில்வருக்கு ஒரு சத்தம். அது வரும்வரை திருகிவிட்டு நிறுத்திவிடுவேன். காது போய்விட்டது என்று தெரிந்த பிறகு குமிழைத் தொடவே கை கூசியது. காசிமேட்டிலிருந்து ஒரு மீன்பிடி போட்டுக்காரர், போட்டின் சுழல் தண்டான ஷாப்ட்டுக்கு மேல் மாட்டுகிற புஷ் என்கிற குழலைச் செய்யக் கொடுத்திருந்தார். பித்தளை. வேகம் போதவில்லையோ என்று கூட்டினேன், அதிகமோ என்று குறைத்தேன். டூல் அதிர்ந்து உள்பக்கமெல்லாம் வரிவரியாக விழுந்துவிட்டது. அந்த புஷ்ஷைக் கொண்டுபோனால் கடலில் ஷாப்ட் ஆட்டம் கண்டுவிடும். கொடுக்கவில்லை. வேறு பட்டறையில் செய்துகொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். நீ பட்டறையைக் கொடுத்துவிடச் சொல்லி முதல் தடவை போன் செய்தது அந்த நாட்களில்தான். அப்போது என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாதான் உன்னிடம் பேசியிருக்கிறாள். என்னிடம் சொல்லவும் இல்லை.

அவள் வேறு ஒன்று சொன்னாள். "காது கேக்கல, சரி. கண்ணு நல்லாத்தான கீது? கண்ணுல பாக்குற மாதிரி எதுனா மாட்டு." மெஷின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற மீட்டர் கடையில் கிடைக்கும். கையில் பிடித்து நீட்டிப் பார்க்கிற வகை. ஆனால் லேத் ஓடும்போது ரெண்டு கைக்கும் வேலை இருக்கும். எனக்கு வேண்டியது எப்போதும் கண்ணெதிரே, பெரிய எழுத்தில், எண்ணெய் தெறித்தாலும் தெரிகிற மாதிரி ஒன்று. அதை நாமே செய்தால் என்ன என்று கேட்டவளும் அவள்தான்.

உனக்கு இது தெரியுமோ தெரியாதோ. கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மா முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரேடியோவுக்குள் இருக்கும் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சால்டரிங் வேலை. அந்தக் குப்பத்திலிருந்து அப்படிப் போன பெண்கள் குறைவு. கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டாள். நிறுத்து என்று நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நீ பிறந்தாய், அப்படியே போய்விட்டது. இப்போது ஒரு மத்தியானம் அவளும் நானும் பாரிமுனைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மாறி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். போனில் பார்த்த வீடியோவைக் கடைக்காரரிடம் காட்டினாள். அவர் என்னைப் பார்த்து விளக்க ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. அவள் குறுக்கே நின்றுகொண்டு, "என்னாண்ட சொல்லுங்க, நான்தான் சால்டர் பண்ணப்போறேன்" என்றாள். அவர் பேச்சை மாற்றி அவளிடமே சொன்னார். வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு நல்ல சால்டரிங் அயர்ன் வாங்கினாள். நுனியை நகத்தில் தட்டிப் பார்த்து, மூன்றை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, நாலாவதை எடுத்தாள்.

மீட்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சுற்றுகிற பாகத்தில் ஒரு சின்னக் காந்தம் ஒட்ட வேண்டும். அதற்கு எதிரே அசையாத இடத்தில் ஒரு சென்சார். காந்தம் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் சென்சார் ஒரு துடிப்பு கொடுக்கும். தீப்பெட்டி அளவுள்ள ஒரு போர்டு அந்தத் துடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்து, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு, சிவப்பு எண்ணில் காட்டும். அந்தப் போர்டுக்குள் ஒரு புரோகிராம் ஏற்ற வேண்டும். நீ காலேஜில் வைத்திருந்த லேப்டாப் வீட்டிலேயே இருந்தது இல்லையா, அதில் உன் அம்மா வீடியோவைப் பார்த்துப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒரு இடத்தில் புள்ளியும் காற்புள்ளியும் சேர்ந்த குறி விட்டுப்போய் ஏறவே மாட்டேன் என்றது. அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆயிற்று. அவள் கோபப்பட்டு ஒரு வேளை சமைக்கவில்லை. நான் கடையில் இட்லி வாங்கி வந்தேன். சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

என் பங்கு இரும்பு வேலை. அதில் நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். காந்தத்தை லேத்தின் சுழல் தண்டில் பசையால் ஒட்டினேன். வேகம் ஏறியதும் அது பிய்த்துக்கொண்டு பறந்து, போய் ஷட்டரில் ஒட்டிக்கொண்டது. யார் மேலும் படவில்லை. ஒரு கல் பறந்த பட்டறையில் இன்னொன்றையும் பறக்கவிட்டேனே என்று மெஷினை நிறுத்தினேன். அடுத்த தடவை அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்து, அதில் காந்தம் உட்காரக் குழி போட்டு, மேலே தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் கனம் இருக்கக் கூடாது என்று எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு காந்தம் வைத்தேன். மீட்டருக்கு உயிர் வந்து எண் காட்டியது. நான் எதிர்பார்த்ததற்கு இரட்டிப்பு. ஒரே சுற்றில் ரெண்டு காந்தம் கடந்தால் ரெண்டு தடவை எண்ணும் என்பது எனக்குத் தோன்றவில்லை. உன் அம்மா போர்டை மேஜையில் வைத்துச் சோதித்தபோதே ஒன்றைக் கவனித்திருந்தாள். காந்தத்தின் ஒரு முகத்தைக் காட்டினால் சென்சார் விளக்கு எரிகிறது, மறு முகத்தைக் காட்டினால் எரிவதில்லை. "ஒண்ண மட்டும் திருப்பிப் போடு. கனமும் சரியா இருக்கும், கணக்கும் சரியா வரும்" என்றாள். அப்படியே வந்தது. அதன் பிறகும் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எண் தாறுமாறாகக் குதித்தது. மோட்டாருக்குப் போகிற ஒயரோடு சென்சார் ஒயரைச் சேர்த்துக் கட்டியதுதான் காரணம். மேலே கம்பி வலை உறை போட்ட ஒயர் வாங்கி, தனி வழியாக இழுத்த பிறகு அடங்கியது.

சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? மோட்டாரின் தகட்டில் 1440 என்று அடித்திருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெறும் மோட்டாரில் மாட்டி, குமிழைக் கடைசி வரை திருகிப் பார்த்தேன். 1490 என்றது. மீட்டர் தப்பு என்று முடிவுகட்டி, உன் அம்மாவிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் ரிச்சி தெருக் கடைக்காரருக்கு போன் செய்தாள். சுமை இல்லாமல் ஓடினால் மோட்டார் கொஞ்சம் அதிகமாகத்தான் சுற்றும், தகட்டில் இருப்பது முழுச் சுமையில் ஓடும்போது என்றார். பெல்ட்டைப் போட்டு, இரும்பைக் கனமாக வெட்டவிட்டேன். எண் இறங்கி இறங்கி 1440-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீ ஒன்றை நம்புவதாக இருந்தாலும் சரி, நம்பாமல் இருப்பதாக இருந்தாலும் சரி, அதை வேறொன்றோடு ஒத்துப் பார்த்துவிட்டுச் செய். நான் ரெண்டு தடவையும் பார்க்காமல்தான் செய்தேன். முதலில் காதை நம்பினேன், அப்புறம் மீட்டரை நம்பவில்லை.

அடுக்களையில் இருந்த சதுர பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் அடைத்து, லேத்துக்கு மேலே கண் மட்டத்தில் மாட்டினோம். பித்தளைக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் இருப்பதை அம்மா பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதே காசிமேட்டுப் போட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை செய்து தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எண்ணைப் பார்த்துக் குமிழைத் திருகிக் கடைந்தேன். அவர் புஷ்ஷுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "இது ஓகே பெர்சு" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பட்டறை ஓடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

ஒரு மெஷினுக்குச் செய்த பிறகு உன் அம்மாவுக்கு எல்லா மெஷினையும் அளக்க வேண்டும் என்றாகிவிட்டது. டிரில்லிங் மெஷினை அளந்தாள். கடைசியில் கிரைண்டர். விபத்துக்குப் பிறகு அதற்கு மூடி மாற்றியிருந்தேன், கல் மாட்டவில்லை. கல் இல்லாமலே ஓடவிட்டு அளந்தோம். 2700-க்கு மேல் காட்டியது. உடைந்த கல்லின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை எடுத்து வைத்திருந்தேன். அதில் 2100-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அச்சடித்திருந்தது. மறுபடியும் அளந்தோம். பெல்ட்டைப் பார்த்தேன், பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியைப் பார்த்தேன். மோட்டாரில் இருந்தது பழைய புல்லி இல்லை. அதைவிடப் பெரியது. மோட்டார் பக்கம் புல்லி பெரிதானால் கல் வேகமாகச் சுற்றும். மழைக்காலத்துக்கு முன்னால் பழைய புல்லி தேய்ந்து ஆட ஆரம்பித்தபோது மாற்றியது. மாற்றியவன் சேகர்.

அதுவரைக்கும் நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், என் காதுதான் அவன் எலும்பை உடைத்தது என்று. விரிசல் விட்ட கல்லைத் தட்டிப் பார்த்து நல்லது என்று மாட்டியவன் நான். ஒவ்வொரு வாரமும் திருவொற்றியூரில் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவன் ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. இப்போது இந்த எண்ணைப் பார்த்ததும், உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. என்னால் மட்டும் இல்லை என்கிற நிம்மதி. அடுத்த நிமிஷமே அது கசந்துவிட்டது. அடிபட்டவனிடம் போய், உன் மேலும் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? புல்லியை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றேன்.

உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்குத் தோள் சரியானதும் மணலி புதுநகர்ல ஒரு பட்டறைக்குப் போறதா கோமதி சொல்லுது. அங்கேயும் கைக்குக் கெடச்ச புல்லிய மாட்டுவாரு. அப்போ பக்கத்துல எவன் நிப்பானோ" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போனோம். கோமதி காபி கொடுத்தாள். சேகர் கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காதுக் கருவியை மாட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். எந்தச் சுற்றுவழியும் தெரியாமல் நேராகவே சொன்னேன். கிரைண்டர் எவ்வளவு சுற்றுகிறது, கல் எவ்வளவு தாங்கும், புல்லி எவ்வளவு பெரிது. கோமதிதான், "இன்னா இவரு மேலயே போட்றீங்க" என்றாள். சேகர் அவளைக் கையால் அமர்த்தினான்.

"அத்த நான்தான் மாட்னேன் மாமு. இல்லங்கல. ஆனா உன்னாண்ட கேட்டுட்டுதான் மாட்னேன்."

"என்னாண்டயா? எப்போ?"

"நீ லேத்துல நின்னுகினு இருந்த. புல்லியக் கையில வச்சிகினு வந்து, இது கொஞ்சம் பெர்சா கீது, போடலாமான்னு கேட்டேன். நீ தல ஆட்ன."

எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை மலர். ஞாபகம் எப்படி இருக்கும், நான் அதைக் கேட்கவே இல்லையே. அவன் கையில் ஒரு புல்லியோடு எதிரே நின்றிருப்பான், வாய் அசைந்திருக்கும், முகத்தில் கேள்வி இருந்திருக்கும். வேலை மும்முரத்தில் சரி என்று தலையாட்டியிருப்பேன். பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அப்படி ஆட்டியிருப்பேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அங்கே உட்கார்ந்தபடியே, "நீ கேட்டது எனக்குக் கேக்கலடா" என்றேன். "அது இப்போ தெரீது. அப்போ எனக்கு எப்டித் தெரியும்?" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கல்லில் விரிசல் இருந்ததா, வேகம்தான் உடைத்ததா, ரெண்டும் சேர்ந்தா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. காபி ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு எழுந்தோம்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனிடமிருந்து பேச்சில்லை. நான் போகவும் இல்லை. மணலிக்கே போய்விடுவான் என்று நினைத்தேன். ஒரு காலையில் பட்டறையைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தான். உள்ளே வந்து முதலில் கிரைண்டரிடம் போனான். சின்ன புல்லி மாட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தான். "போட்டுக் காட்டு" என்றான். ஓடவிட்டேன். மீட்டரில் 1900-ஐத் தாண்டி நின்றது. காகிதத்தில் இருந்த எண்ணைக் கேட்டான், காட்டினேன். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டு, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, "இனிமே நீ தல ஆட்னா ஒத்துக்க மாட்டேன். நான் இன்னா கேட்டேன்னு திருப்பிச் சொல்லணும்" என்றான். திருப்பிச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதுதான் வழக்கம். கனமான வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவன் அளவு பார்க்கிறான், புதுக் கல் வந்தால் தட்டிப் பார்ப்பது அவன் காது. மணலிப் பேச்சை அவனே விட்டுவிட்டான்.

நீ கல்யாணம் ஆனவள். உன் வீட்டிலும் ரெண்டு பேர் வேலைக்குப் போய்க் களைத்து வருவீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கையில் போன் இருக்கும். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை. எதிரில் இருக்கிறவர் இன்னொரு தடவை சொல்லப்போகிறார், அவ்வளவுதான். கேட்காமலே சரி என்றுவிட்டால், அவர் உன்னைக் கேட்டுத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார், உனக்கு அது தெரியவே தெரியாது. இதை நான் புத்திமதியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டறையைக் கொடுத்துவிடுவது பற்றிக் கேட்டாயே, அதை இனி நீ என்னிடம் கேட்பதில் பயன் இல்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு நம் தெருவிலேயே இன்னொரு லேத்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அப்புறம் ராயபுரத்திலிருந்து ஒரு மரப்பட்டறைக்காரர் வந்தார். வாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில், உன் அம்மா ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டுவிட்டாள். காலையில் எனக்கு முன்னால் கிளம்புகிறாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஈயப் புகையை வாயால் ஊதிக்கொண்டு, யார் வந்தாலும் நிமிராமல் பேசுகிறாள். வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம்தான் பேசுகிறார்கள். ஓசூர் மாடி அறையைப் பற்றி நேற்று அவளிடம் மறுபடியும் சொன்னேன். "பொங்கலுக்குப் போய்ட்டு வரலாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் பதில். மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல். வருத்தப்படுகிற மனிதர் இல்லை அவர்.

இன்னும் ஒன்று. இதைக் கேட்கத்தான் போனை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேனோ என்னவோ. சேகர் வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஒரு ஞாபகம் வந்தது, இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், நீ பட்டறைக்கு வந்தாய். நான் நீளமான ஷாப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தேன், நிறுத்த முடியாத வேலை. நீ துப்பட்டாவை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்று என்னிடம் ஏதோ கேட்டாய். கொஞ்சம் நீளமாகவே கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு போய்விட்டாய். சம்மதம் சொல்ல வந்தாய் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. நீ நன்றாக இருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நீ கேட்டதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை மலர்.

நீ என்ன கேட்டாய் என்று எழுது. படித்துவிட்டு, இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.

நைனா